செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்: இடம் கிடைக்குமா, கிடைக்காவிட்டாலும் போகலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வரும் மே மாதம் மனைவியுடன் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். அப்படியே ஸ்காட்லாந்துக்கும் போய் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஒரு சுற்று கோல்ஃப் ஆடிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறார். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறையத் திறன் அதிகம்) 22. மனைவி விளையாடுவதில்லை. சுற்றுலா நிறுவனங்கள் சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்துப்போய், தானே நேரடியாக முயன்றால் நடக்குமா என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது முன்பதிவைப் பற்றிய கேள்வி. ஆனால் அவர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், இத்தனை தூரம் போய் இடம் கிடைக்காமல் திரும்ப நேர்ந்தால் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டா என்பதுதான் அவரை உறுத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வேளாண்மை படித்து, புல்தரைப் பராமரிப்பில் பயிற்சி பெற்று, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோர மைதானங்களில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். கோல்ஃப் பயிற்சியாளன் அல்லன். ஆகவே உங்கள் ஸ்விங்கைத் திருத்தும் தகுதி எனக்குக் கிடையாது. தரை, புல், காற்று, இந்த ஊரின் நடைமுறை ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கட்டணமும் விதிகளும் ஆண்டுதோறும் மாறுபவை. டிக்கெட் எடுப்பதற்கு முன் செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்டின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளுக்கு வராதீர்கள். ஐந்து இரவு தங்க முடியுமானால் வாருங்கள். அப்படி வந்தால், ஓல்ட் கோர்ஸில் கால் வைக்க முடியாமல் போனாலும் நீங்கள் ஏமாந்து திரும்பப் போவதில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஓல்ட் கோர்ஸ் ஒரு தனியார் கிளப்புக்குச் சொந்தமானது என்று நம்மூரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் டீக்குப் (ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) பின்னால் நிற்கும் அந்தக் கம்பீரமான கல் கட்டடம் 1754இல் தொடங்கிய ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புடையது. அதனால் வந்த குழப்பம் இது. மைதானம் இருக்கும் நிலம் பொது நிலம். 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அளித்த சாசனம், இந்த மணல்வெளியில் கோல்ஃப் ஆடும் ஊர்மக்களின் உரிமையை உறுதிப்படுத்துகிறது. 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்த லிங்க்ஸ் டிரஸ்ட்தான் இன்று இங்குள்ள ஏழு மைதானங்களையும் நடத்துகிறது. உங்களைப் போன்ற வெளியூர்க்காரர் கட்டணம் கட்டி உள்ளே வர முடிவது இதனால்தான். உள்ளூர்வாசிகளுக்கும் கிளப்களுக்கும் கணிசமான நேரங்கள் ஒதுக்கப்படுவதால் மிச்சமிருப்பவற்றுக்குப் போட்டி கடுமையாக இருப்பதும் இதனால்தான்.

உள்ளே நுழைய நான்கு வழிகள் உண்டு. முந்தைய ஆண்டே, பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் வாக்கில், டிரஸ்டிடம் விண்ணப்பித்து முன்பதிவு பெறுவது ஒன்று. வரும் மே மாதத்துக்கு அது காலம் கடந்த வழியாக இருக்கலாம். இரண்டாவது, டிரஸ்ட் அங்கீகரித்த சுற்றுலா நிறுவனங்கள் ஓட்டலோடும் மற்ற மைதானங்களோடும் சேர்த்து விற்கும் உறுதி செய்யப்பட்ட நேரம். உங்களை மலைக்க வைத்தது இதுதான். அங்கீகரிக்கப்பட்டவர்களின் பட்டியல் டிரஸ்டின் தளத்திலேயே இருக்கிறது. பட்டியலில் இல்லாத எவரிடமும் பணம் கட்டாதீர்கள். மூன்றாவது, தினசரிக் குலுக்கல். விளையாட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்தால், அன்று மாலை முடிவு வெளியாகும். நுழைவதற்குப் பணம் கிடையாது. ஆனால் குறைந்தது இரண்டு ஆட்டக்காரர்கள் சேர்ந்துதான் பெயர் கொடுக்க முடியும். உங்கள் மனைவி ஆடுவதில்லை என்பதால் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது, அங்கே போய் வேறொருவரைத் துணைக்குப் பிடித்தாலொழிய.

உங்களுக்குரியது நான்காவது வழி, தனி ஆட்டக்காரர்களுக்கான குலுக்கல். முன்பெல்லாம் தனியாக வருபவர்கள் நள்ளிரவிலிருந்தே போர்வையும் நாற்காலியுமாக வாசலில் வரிசை பிடித்துக் கிடப்பார்கள். 2024இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது, விளையாட விரும்பும் நாளுக்கு முந்தைய நாள் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் நேரில் போய்ப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். மாலையில் கணினி குலுக்கிப் போடும், கைபேசிக்குச் செய்தி வரும். இரண்டு பேரோ மூன்று பேரோ கொண்ட குழுக்களில் மிச்சமிருக்கும் இடங்களில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். நேரில் போக வேண்டும் என்ற இந்த ஒரு நிபந்தனையால்தான் இரண்டு நாள் போதாது என்கிறேன். இரண்டு நாளில் உங்கள் பெயர் ஒரே ஒரு குலுக்கலில்தான் இருக்கும். ஐந்து இரவு தங்கினால் மூன்று, நான்கு முறை இருக்கும். மே மாதத்தில் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணக்காகச் சொல்பவரை நம்பாதீர்கள். அந்த வாரம் யார் யார் வந்திருக்கிறார்கள், வானிலை எப்படி, குழுக்களில் எத்தனை இடம் காலி என்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் அது மாறும்.

ஞாயிற்றுக்கிழமை, பெரிய போட்டிகள் நடக்கும்போது தவிர, ஓல்ட் கோர்ஸில் ஆட்டமே கிடையாது. அன்று அது பூங்கா. நாயோடு வருபவர்கள், குழந்தைகள், படம் எடுப்பவர்கள் என்று ஊரே அதில் நடக்கும். ஆகவே சனிக்கிழமை இரவு வந்து சேர்ந்து, ஞாயிறு முழுவதும் மைதானத்தைக் காலால் அளந்து பாருங்கள். ஆட்டத்தன்று டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாத மணற்குழிகள் எங்கெங்கே பதுங்கியிருக்கின்றன என்பது அன்று விளங்கிவிடும். மே மாதத்திலும் செப்டம்பரிலும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் கூட்டங்கள் நடக்கும் நாட்களில் வெளியாருக்கான நேரம் மிகவும் சுருங்கிவிடும். அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிட்டுப் பயணத்தை வையுங்கள். 2027 ஜூலையில் ஓப்பன் என்னும் பெரிய கோல்ஃப் போட்டி மீண்டும் இங்கே வருகிறது. அந்த ஆண்டு கோடையை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் வேறு ஆண்டைப் பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் கட்டணம் குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை ஃபேர்வேயில் (டீக்கும் குழிக்கும் இடையிலான வெட்டிய புல்வெளியில்) ஒரு சிறிய பாயை விரித்து அதன் மேல் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். புல்லைக் காக்க அது தேவை. ஆனால் அத்தனை தூரம் வந்து பாயின் மேல் அடிப்பது உங்களுக்கு உவப்பாக இருக்காது.

இனி தரைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் பயணத் திட்டத்தில் முக்கால் பங்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும். கோவையிலும் சென்னையிலும் நீங்கள் ஆடுவது பெர்முடா புல்லில். அது வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்லும் அதன் கலப்பு வகைகளும்தான். வெயிலில் செழித்துப் படரும், தண்ணீர் ஊற்ற ஊற்ற மெத்தென்றாகும், பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொடுக்கும். உயரமாக அடித்த பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். இங்கே கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல், அதன் மேல் மெல்லிய மண், அதில் ஃபெஸ்க்யூ, பென்ட் என்ற ஊசி போன்ற மெல்லிய புல் வகைகள். இந்தப் புல்லுக்கு வறுமைதான் ஆகாரம். உரமும் நீரும் தாராளமாகக் கொடுத்தால் வேறு கொழுத்த புல் வந்து இதை விரட்டிவிடும். எனவே பட்டினி போட்டு வளர்ப்பதுதான் எங்கள் தொழில். வறண்ட கோடையில் மைதானம் பழுப்பாகிப்போனால் வெளியூர்க்காரர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள். எங்களுக்கோ அதுதான் மகிழ்ச்சியான நேரம். பெருமழை பெய்தாலும் மணல் சீக்கிரத்தில் உறிஞ்சிவிடும். தரை இறுகியே இருக்கும்.

இதன் விளைவு என்னவென்றால், பந்து விழுந்த பிறகுதான் ஆட்டம் தொடங்குகிறது. கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) நேராக உயர்த்தி அடித்தால் அது குதித்துப் பின்புறம் ஓடிவிடும். 20, 30 கெஜம் முன்னாலேயே விழவைத்து, மேடு பள்ளங்களின் போக்கில் உருட்டி விட வேண்டும். இதை ஊரிலிருந்தே பழகிக்கொண்டு வாருங்கள். பந்தை உயரத் தூக்கும் மட்டையான வெட்ஜைப் பையிலேயே வைத்துவிட்டு, 7 அல்லது 8ஆம் எண் இரும்பு மட்டையால் (அயன்) தாழ்வாகத் தள்ளி உருட்டிப் பாருங்கள். கிரீனுக்கு வெளியே 20 கெஜத்திலிருந்தும் பந்தை உருட்டும் மட்டையான பட்டரைப் பயன்படுத்துங்கள். இங்கே அதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், உங்கள் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடியே அதைத்தான் கையில் எடுத்துக் கொடுப்பார். அடிப்பாகம் தடித்த வெட்ஜ் இந்த இறுகிய தரையில் துள்ளி, பந்தின் நடுவயிற்றில் அடித்துவிடும். அடிப்பாகம் மெலிந்த ஒன்று இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள்.

காற்றுக்கும் அதே மருந்துதான், தாழ்வாக அடிப்பது. எதிர்க்காற்றில் வேகத்தைக் கூட்டினால் பந்து இன்னும் உயர்ந்து, காற்றின் கையில் சிக்கிக்கொள்ளும். வழக்கத்தைவிட இரண்டு எண் குறைந்த, அதாவது பந்தை அதிகத் தூரம் அனுப்பும் மட்டையை எடுத்து நிதானமாக வீசுங்கள். கிரீன்கள் நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்க மைதானங்களைப் போல வழுக்காது. காரணம் எங்கள் சோம்பல் அல்ல. அதற்கு மேல் வேகமாக்கினால் நிற்கும் பந்தையே காற்று நகர்த்திவிடும். 2015 ஓப்பனில் சனிக்கிழமை அதுதான் நடந்தது. பல மணி நேரம் ஆட்டத்தை நிறுத்திவைத்து, போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. மே மாதத்தில் பகல் வெப்பம் 12 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கிழக்குக் காற்று அடித்தால் கடலிலிருந்து பனிமூட்டம் ஊருக்குள் நுழைந்து, எதிரே இருக்கும் கொடியையே மறைத்துவிடும். நல்ல மழைச் சட்டை, கம்பளித் தொப்பி, நனைந்தாலும் பிடி வழுக்காத கையுறை ஒரு ஜோடி, இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அலை திரும்பும்போது காற்றும் திரும்பும் என்று இங்குள்ள கேடிகள் அடித்துச் சொல்வார்கள். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று என்று புலம்புவதற்கு அது வசதியான காரணம். நான் அதை நம்புவதில்லை. வெயில் நாளில் பிற்பகலில் நிலம் சூடேறக் கடற்காற்று உள்ளே இழுக்கப்படும், திசை மாறும். அது இயற்பியல். அலையின் நேரமும் சில நாட்களில் அதோடு ஒத்துப்போய்விடும், அவ்வளவுதான். இப்படி இங்கே கேட்கும் கதைகள் பல. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்தே மணற்குழிகள் உருவாயின என்பது நடந்திருக்கக்கூடியது, ஆனால் நிரூபணம் கிடையாது. ஒரு விஸ்கி பாட்டிலில் 18 மிடறு இருந்ததால் 18 குழி என்பது வெறும் கட்டுக்கதை. ஒரு சுற்றுக்கு 22 குழி ஆடிக்கொண்டிருந்தவர்கள் 1764இல் சிலவற்றை ஒன்றாக இணைத்து 18 ஆக்கினார்கள். அதற்கு ஆவணம் இருக்கிறது.

பெயர் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் டீயில் வழிப்போக்கர் கூட்டம் வேடிக்கை பார்க்கும், கை நடுங்கும். கவலை வேண்டாம். முதல் குழியும் 18ஆவது குழியும் ஒரே ஃபேர்வேயைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன் அகலம் 120 கெஜத்துக்கும் மேல். இடது பக்கம் பார்த்து அடியுங்கள். அந்த ஒரு அறிவுரையை 18 குழிக்கும் வைத்துக்கொள்ளலாம். மைதானம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவதால், போகும்போதும் வரும்போதும் இடப்பக்கம் என்பது உள்பக்கம். தவறினால் பக்கத்துக் குழியின் ஃபேர்வேயில் விழுவீர்கள், பந்து பிழைக்கும். வலப்பக்கத்தில் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர்களும் எல்லைச் சுவர்களும் காத்திருக்கின்றன. என்ன விலை என்றால், இடப்பக்கத்திலிருந்து கிரீனை நோக்கும் கோணம் பல இடங்களில் கடினமாக இருக்கும். 22 ஹேண்டிகேப்காரர் அந்த விலையைக் கொடுத்துவிடுவதுதான் லாபம்.

ஏழு கிரீன்களை இரண்டிரண்டு குழிகள் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஜோடிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும், இரண்டும் பதினாறும், ஐந்தும் பதின்மூன்றும் என்கிறபடி. இந்த ஜோடிகளில் போகும் குழிக்கு வெள்ளைக் கொடி, வரும் குழிக்குச் சிவப்பு. தவறான பக்கத்தில் பந்து நின்றால் 40 கெஜத் தூரத்திலிருந்து பட் செய்ய நேரும். அப்படிப்பட்ட ஒன்றை அடிப்பதே ஒரு அனுபவம்தான். மணற்குழிகள் 112. 2000இல் டைகர் உட்ஸ் நான்கு சுற்றிலும் ஒன்றில்கூட விழாமல் அடுத்தவரைவிட 8 அடிகள் குறைவாக அடித்து வென்றார். நாம் விழுவோம். விழுந்தால் முன்னோக்கி அடிக்கும் வீரம் வேண்டாம். புல்கட்டிகளை அடுக்கி எழுப்பிய சுவர் அது, பந்தைத் திருப்பி உங்கள் காலடியிலேயே போடும். பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே எடுங்கள். 14ஆவது குழியின் ஹெல் பங்கர் என்ற மணற்குழியில் 1995இல் ஜாக் நிக்லஸ் சிக்கிக்கொண்டு அந்தக் குழியை 10 அடியில் முடித்தார். 17ஆவது கிரீனை ஒட்டிய ரோட் ஹோல் பங்கருக்குள் 1978இல் ஜப்பானின் டாமி நகாஜிமா பட்டரால் தட்டிய பந்து உருண்டு விழுந்தது. வெளியே எடுத்து முடிப்பதற்குள் 9 அடி ஆகிவிட்டது. அந்த 17இல் கிரீனுக்குப் பின்னால் செல்லும் சாலையும் ஆட்டத்தின் ஒரு பகுதி. பந்து தாரில் கிடந்தால் தாரிலிருந்தே அடிக்க வேண்டும். அந்தக் கிரீனுக்கு முன்னாலேயே வலப்புறமாக நிறுத்தி, உருட்டி மேலே ஏற்றி, ஐந்து அடியோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஆட்டக்காரர்களும் அங்கே ஐந்தைச் சந்தோஷமாக எழுதிக்கொள்கிறார்கள்.

கேடி வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். எங்கே குறி வைப்பது என்று தெரியாத டீகள் இங்கே அதிகம். கூலியை ரொக்கமாக, நேரடியாக அவரிடமே கொடுப்பது வழக்கம். அதோடு கொஞ்சம் அன்பளிப்பும். ஓல்ட் கோர்ஸ் கட்டணம் கோடைப் பருவத்தில் 300 பவுண்டைத் தாண்டிவிட்டது. குலுக்கலில் பெயர் வந்தால் மட்டும்தான் அதைக் கட்ட வேண்டும் என்பதால் உங்கள் பட்ஜெட்டில் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சுற்றை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க எதிர்பார்ப்பார்கள். கார்ட் வண்டி கிடையாது, நடைதான். ஆகவே வருவதற்கு இரண்டு மாதம் முன்பே தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் நடக்கத் தொடங்குங்கள்.

பெயர் வராவிட்டால்? அதற்குத்தான் மற்ற நாட்களை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கச் சொல்கிறேன். ஓல்ட் கோர்ஸுக்கு அடுத்த வேலியிலேயே 1895இல் ஓல்ட் டாம் மாரிஸ் அமைத்த நியூ கோர்ஸ் இருக்கிறது. அதே மணல், அதே புல், அதே காற்று, கட்டணம் பாதியைச் சுற்றி. உள்ளூர்க்காரர்கள் பலர் ரகசியமாக இதைத்தான் அதிகம் விரும்புகிறார்கள். நானும் அந்தக் கட்சி. அதற்கும் அப்பால், கடலுக்கு நெருக்கமாக 1897இன் ஜூபிலி. தொடக்கத்தில் பெண்களுக்கும் புதியவர்களுக்கும் என்று போட்டது, இப்போது மிகக் கடினமானது என்று பெயர் வாங்கிவிட்டது. 2008இல் திறந்த காசில் கோர்ஸ் பாறை மேட்டில் இருப்பது. காட்சி அபாரம், ஆனால் பழைய கடலோர மணல் ஆட்டம் அங்கே கிடைக்காது. கிங்ஸ்பார்ன்ஸ் அழகானது, புதியது, ஓல்ட் கோர்ஸைவிடவும் விலை கூடியது. உங்கள் பணத்துக்கு நான் சொல்வது கிரேல், எலி என்ற இரண்டு மீனவ ஊர்கள். கிரேலில் பால்கோமி மைதானத்தை வடிவமைத்ததும் ஓல்ட் டாம் மாரிஸ்தான். எலியில் முதல் குழி ஒரு மேட்டைத் தாண்டிப் போகிறது, அப்பால் ஆள் இருக்கிறார்களா என்பது தெரியாது. அதனால் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரின் குடிலில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்களை அடிக்கச் சொல்வார். இந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் ஒரு முழு நாளைச் செலவிடுங்கள். முந்தைய நாள் பதிவுக்கு மட்டும் மாலை ஐந்துக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு ஒரு செய்தி. ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்திலேயே, மேடும் பள்ளமுமாக அலையடிக்கும் ஒரு பட்டிங் மைதானம் இருக்கிறது. இமாலயாஸ் என்று அழைப்பார்கள். 1867இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்பினுடையது. சில பவுண்டுகளில் யார் வேண்டுமானாலும் ஆடலாம், பட்டர் அங்கேயே தருவார்கள், முன்னனுபவம் தேவையில்லை. அங்கே அவர் உங்களைத் தோற்கடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது தவிர 1413ஆம் ஆண்டின் பல்கலைக்கழகம், இடிந்த பேராலயம், மைல் கணக்கில் நீளும் வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரை எல்லாம் நடை தூரத்தில்.

ஹேண்டிகேப் சான்றிதழை உங்கள் கிளப்பிடமிருந்து அச்சிட்டு வாங்கி வாருங்கள். ஓல்ட் கோர்ஸ் ஸ்டார்ட்டர் கேட்பார். உங்கள் 22 வரம்புக்குள்தான் வருகிறது. மூன்று, நான்கு சுற்றுக்காகக் கோல்ஃப் பையைக் கோவையிலிருந்து சுமப்பதைவிட இங்கே மட்டைகளை வாடகைக்கு எடுப்பது எளிது. பழகிய பட்டரையும் காலணியையும் மட்டும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அறை வாடகை ஊருக்குள் அதிகம். பக்கத்து நகரமான டண்டீயில் தங்கினால் குறையும், அங்கிருந்து லூக்கர்ஸ் வழியாக 99ஆம் எண் பஸ் வருகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. 1969இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து அபர்டீன் போகும் நேரடி ரயிலில் ஏறி லூக்கர்ஸில் இறங்குங்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம். நிலைய வாசலிலேயே பஸ் கிடைக்கும், பத்து நிமிடத்தில் ஊர்.